பிரிட்ஜ் யாருடையது? மணிக்கட்டை உடைத்தது யார்?
பிரிந்த தம்பதியின் சாமான் சண்டையில் காயம்: "என் பொருளைத்தானே எடுத்தேன்" என்றால் கோர்ட்டு விடுமா?

சென்னை,
சேர்ந்து வாழ்ந்தபோது வாங்கிய சாமான்களைப் பிரித்துக் கொள்வதில் தகராறு வருகிறது. தகராறு முற்றி அடிதடி ஆகிறது. ஒருவருக்கு ரத்தக் காயம். தண்டனை யாருக்கு? பொருளை எடுக்க வந்தவருக்கா, கொடுக்க மறுத்தவருக்கா?

பொருள் யாருக்குச் சொந்தம் என்பது ஒரு வழக்கு. காயத்தை உண்டாக்கியது யார் என்பது இன்னொரு வழக்கு. சட்டம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இல்லை.

முதல் வழக்கில் ஜெயித்தவர் இரண்டாவது வழக்கில் ஜெயிலுக்குப் போக நேரலாம்!

வாசலில் டெம்போ

இப்படி ஒரு சம்பவத்தை எண்ணிப் பாருங்கள். கணவரும் மனைவியும் பிரிந்து 6 மாதம் ஆகிறது. மனைவி வாடகை வீட்டில் தம்பியுடன் இருக்கிறார். பிரிட்ஜ், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பில் மட்டும் கணவர் பெயரில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் டெம்போவுடன் வந்து இறங்குகிறார். கூடவே 4 நண்பர்கள்.

"நான் சம்பாதிச்சு வாங்கினது. எடுத்துட்டுப் போகத்தான் வந்திருக்கேன். வழிய விடு!"

"பில் உங்க பேருல இருந்தா கோர்ட்டுல போய் கேளுங்க. வாசப்படியத் தாண்டாதீங்க!"

வாக்குவாதம் கைகலப்பு ஆகிறது. கணவர் தள்ளுகிறார். மனைவி வாசற்படியில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிகிறது. அக்காள் அலறுவதைக் கேட்டு ஓடி வந்த தம்பி, பூரிக்கட்டையால் கணவரின் தலையில் போடுகிறார். மண்டை உடைந்து 4 தையல்.

இரண்டு தரப்பும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறது. பிறகு போலீஸ் நிலையத்தில் இரண்டு புகார்கள்.

இது கற்பனைச் சம்பவம்தான். ஆனால் இதில் வரும் ஒவ்வொரு அடிக்கும் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு.

கைக்கடிகாரக் கதை

"என் பொருளை நான் எடுத்தால் அது திருட்டா?" என்று கணவர் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் சொல்லி இருக்கிறார்கள்.

ஒருவர் தன் கைக்கடிகாரத்தைச் சரிபார்க்கும்படி கடைக்காரரிடம் கொடுக்கிறார். கடைக்காரருக்கு அவர் பாக்கி எதுவும் தர வேண்டியது இல்லை. பிறகு ஒரு நாள் எல்லோரும் பார்க்கக் கடைக்குள் நுழைந்து, கடைக்காரர் கையில் இருந்து கடிகாரத்தைப் பலவந்தமாகப் பிடுங்கிக் கொண்டு போகிறார். இது திருட்டு அல்ல என்கிறது சட்டம். ஏனென்றால், அவரிடம் நேர்மையற்ற நோக்கம் இல்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அத்துமீறி நுழைந்ததும், கை வைத்ததும் தனிக் குற்றங்கள் ஆகலாம் என்று அதே உதாரணம் சொல்கிறது. கடிகாரம் அவருடையது என்பது அந்தக் குற்றங்களுக்கு மன்னிப்பு ஆகாது.

இன்னொரு உதாரணமும் உண்டு. கடைக்காரருக்கு ரிப்பேர் கூலி பாக்கி இருந்து, அதற்கு ஈடாக அவர் கடிகாரத்தை வைத்திருந்தால், அதைப் பிடுங்குவது திருட்டே ஆகிவிடும். சொந்தப் பொருளையே திருடியவர் ஆவார்!

2024 ஜூலை 1-ந் தேதி முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் அமலில் இருக்கிறது. சுருக்கமாக பி.என்.எஸ். அதன் 303-வது பிரிவிலும் இந்தக் கடிகார உதாரணங்கள் இருக்கின்றன.

அனுபவத்தில் இருந்தது யாருக்கு?

அடிதடி வழக்கில் கோர்ட்டு முதலில் பார்ப்பது பில்லை அல்ல. சம்பவம் நடந்தபோது பொருளோ வீடோ யாருடைய அமைதியான அனுபவத்தில் இருந்தது என்பதைத்தான்.

1960-களில் டெல்லி விவசாய நிலம் ஒன்று பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. நீண்ட காலமாக நிலத்தை அனுபவித்து வந்தவர்களைச் சட்டப்படி வெளியேற்றாமல், காகிதத்தில் மட்டும் உரிமை பெற்றவர்கள் நிலத்தில் இறங்கினார்கள். கைகலப்பு நடந்தது. அனுபவத்தில் இருந்தவர்கள் செய்தது தற்காப்பு என்று சொல்லி சுப்ரீம் கோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. சொந்தக்காரரே ஆனாலும் சட்டத்தைத் தன் கையில் எடுக்கக்கூடாது என்றும் கூறியது.

2003-ம் ஆண்டிலும் இதே கருத்தை சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. நிலைத்த அனுபவத்தில் இருப்பவரை, உண்மையான சொந்தக்காரர்கூட கோர்ட்டு மூலமாகத்தான் வெளியேற்ற முடியும்.

வீட்டை விட்டே ஒருவரைத் துரத்தி விட்டால்? அவர் 6 மாதத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு மீண்டும் வீட்டுக்குள் போகலாம். 1963-ம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-வது பிரிவு இதற்கு வழி செய்கிறது. அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழாது.

மேலே சொன்ன சம்பவத்தில் கணவர் அங்கு குடியிருக்கவில்லை. "வராதே" என்று சொன்ன பிறகும், மிரட்டும் நோக்கத்தில் உள்ளே நுழைந்தால் அது வீட்டில் அத்துமீறல். ஒரு வருடம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

மனைவி மட்டும் எதையும் செய்யலாம் என்று அர்த்தம் அல்ல. கணவரின் துணிமணி, சான்றிதழ்களைக் கொளுத்தினாலோ, அவரது ஸ்கூட்டரை அடித்து நொறுக்கினாலோ அவர் மீது சேதம் விளைவித்த வழக்கு வரும். சேதம் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டால் 5 வருடம் வரை ஜெயில் கிடைக்கலாம். கணவரை அறைக்குள் தள்ளிப் பூட்டு போட்டால் சட்ட விரோதக் காவல். அதற்கு ஒரு வருடம் வரை ஜெயில்.

எலும்பு முறிந்தால் 7 வருடம்

காயத்தைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. சாதாரணக் காயம், கொடுங்காயம்.

வேண்டும் என்றே சாதாரணக் காயம் உண்டாக்கினால் ஒரு வருடம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இது பி.என்.எஸ். 115-வது பிரிவு. வீக்கம், சிராய்ப்பு, நகக் கீறல் எல்லாம் இதில் சேரும். உடல் வலி ஏற்பட்டாலே காயம்தான்.

கொடுங்காயத்துக்கு 117-வது பிரிவு. 7 வருடம் வரை ஜெயில், அதோடு அபராதமும் உண்டு.

எது கொடுங்காயம்? எலும்போ பல்லோ முறிவது அல்லது இடம் பெயர்வது, கண் பார்வை அல்லது காது நிரந்தரமாகப் போவது, கை, கால், மூட்டு போவது அல்லது செயல் இழப்பது, முகம் நிரந்தரமாக விகாரம் ஆவது, உயிருக்கு ஆபத்தான காயம் ஆகியவை பட்டியலில் உள்ளன. 15 நாள் கடும் வேதனையில் துடித்தாலும், அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது.

அப்படியானால் மணிக்கட்டு முறிந்ததும் கணவருக்கு 7 வருடம் உறுதியா? இல்லை.

எலும்பு முறிந்தது மட்டும் போதாது. பெரிய காயம் உண்டாக்க வேண்டும் என்று அவர் நினைத்தாரா அல்லது அப்படி நடக்கக்கூடும் என்று அவருக்குத் தெரியுமா என்பதையும் கோர்ட்டு பார்க்கும். சமதரையில் லேசாகத் தள்ளியபோது கால் இடறி விழுந்தது வேறு. உயரமான படியின் ஓரத்தில் நிற்பவரை இரண்டு கையாலும் வேகமாகத் தள்ளியது வேறு. முதல் வகை சாதாரணக் காய வழக்காகவே முடியலாம். இரண்டாவது வகையில் கொடுங்காயக் குற்றம் நிற்க வாய்ப்பு அதிகம்.

"நான் தள்ளவே இல்லை. இழுபறியில் அவளாகவே விழுந்தாள். விபத்து" என்ற வாதமும் கோர்ட்டில் வருவது உண்டு. சட்டத்தில் விபத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் சட்டப்படியான காரியத்தை, சட்டப்படியான முறையில், தக்க கவனத்தோடு செய்தபோது நடந்ததாக இருக்க வேண்டும். ஆள் சேர்த்துக் கொண்டு அடுத்தவர் வீட்டில் நுழைந்தவருக்கு இந்த விலக்கு கிடைப்பது கடினம்.

பூரிக்கட்டை ஆயுதமா?

கத்தி, அரிவாள் போன்ற ஆயுதத்தால் காயம் உண்டாக்கினால் தண்டனை கூடும். 118-வது பிரிவின்படி சாதாரணக் காயத்துக்கே 3 வருடம் வரை ஜெயில் கிடைக்கலாம். கொடுங்காயமாக இருந்தால் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

ஆயுதமாகப் பயன்படுத்தினால் உயிரைப் போக்கக்கூடிய எந்தப் பொருளும் இந்தப் பிரிவில் வரும். பூரிக்கட்டை, இரும்புக் கரண்டி, குக்கர் மூடி எல்லாம் சமையல் சாமான்கள்தான். ஆனால் அதன் கனம் என்ன, உடம்பில் எந்த இடத்தில் அடித்தார்கள், எவ்வளவு வேகத்தில் அடித்தார்கள் என்பதைப் பொறுத்து அவையும் ஆயுதம் ஆகலாம்.

"அக்காவைத் தள்ளியதைப் பார்த்ததும் ஆத்திரம் வந்து அடித்துவிட்டேன்" என்று தம்பி சொல்லலாம். திடீர் என்று ஏற்பட்ட கடுமையான ஆத்திரமூட்டலில் அடித்தது நிரூபணம் ஆனால் தண்டனை குறையும். முழு விடுதலை கிடைக்காது.

தம்பிக்கு முழு விடுதலை வேண்டும் என்றால் அவருக்குத் தற்காப்பு உரிமை இருந்திருக்க வேண்டும்.

தற்காப்பு எதுவரை?

தன் உடலையும், அடுத்தவர் உடலையும் காப்பாற்ற பலத்தைப் பயன்படுத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அக்காளைக் காப்பாற்ற தம்பி குறுக்கே விழலாம். அத்துமீறி நுழைந்தவரைத் தள்ளி வெளியேற்றவும் உரிமை உண்டு.

ஆனால் மூன்று எல்லைகள் இருக்கின்றன.

ஒன்று, போலீசாரிடம் போக அவகாசம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது. "நாளைக்கு வந்து எடுக்கிறேன்" என்று முதல் நாளே தெரிந்தும், போலீசுக்குச் சொல்லாமல் கட்டையோடு காத்திருந்தால் அது தற்காப்பு அல்ல.

இரண்டு, ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். கையைப் பிடித்து இழுத்தவரின் மண்டையைப் பிளப்பது அளவு மீறியது.

மூன்று, ஆபத்து முடிந்ததும் உரிமையும் முடிந்தது. டெம்போவில் ஏறப்போனவரைத் துரத்திப் போய் அடித்தால் அது பழி வாங்கியது ஆகும்.

ஆபத்தில் இருப்பவர் தராசு வைத்து அளந்து அடிக்க முடியாது என்பதையும் கோர்ட்டுகள் பலமுறை சொல்லி இருக்கின்றன. எனவே தம்பி வழக்கில் கேள்வி இதுதான்: பூரிக்கட்டையை ஓங்கிய நேரத்தில் கணவர் இன்னும் தாக்கிக் கொண்டு இருந்தாரா? அல்லது விழுந்த மனைவியைப் பார்த்து பயந்து பின்வாங்கி விட்டாரா?

சில வினாடிகள்தான் வித்தியாசம். அதில்தான் விடுதலையும் தண்டனையும் இருக்கிறது.

கூட வந்தவர்களும் மாட்டுவார்கள்

"சாமான் தூக்கத்தான் போனோம், நாங்கள் யாரையும் தொடவில்லை" என்று நண்பர்கள் தப்ப முடியுமா?

கணவரும் 4 நண்பர்களும் சேர்ந்தால் 5 பேர். 5 பேருக்கு மேல் கூடிவிட்டால் மட்டும் அல்ல, 5 பேர் ஆனாலே சட்ட விரோதக் கூட்டம் ஆகலாம். பலத்தைக் காட்டி ஒரு பொருளைக் கைப்பற்றுவதும், "எனக்கு உரிமை இருக்கிறது" என்று சொல்லி அதை பலவந்தமாக நிலைநாட்டுவதும் சட்ட விரோத நோக்கம் என்று பி.என்.எஸ். 189-வது பிரிவு சொல்கிறது. உரிமை உண்மையாகவே இருந்தாலும் சரிதான்!

கூட்டத்தில் ஒருவர் பலாத்காரத்தில் இறங்கினால் எல்லோர் மீதும் கலவர வழக்கு வரும். 2 வருடம் வரை ஜெயில். கூட்டத்தின் நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு மற்றவர்களும் பொறுப்பு. கை ஓங்காத நண்பரும் எலும்பு முறிவு வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம்.

விஷயம் தெரியாமல் வாடகைக்கு வந்து வெளியே நின்ற டெம்போ டிரைவர் இதில் சேரமாட்டார்.

ஆஸ்பத்திரியில் சொல்வதுதான் சாட்சி

அடிபட்டவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டர் ஒரு பதிவு எழுதுகிறார். போலீஸ் நிலையத்திலும் கோர்ட்டிலும் "ஏ.ஆர். காப்பி" என்று சொல்வது இதைத்தான். எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எதனால் தாக்கினார்கள் என்று காயம்பட்டவர் சொல்வது அதில் இடம் பெறும்.

"படியில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று மானத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் சொல்லி விட்டு, மறுநாள் "தள்ளிவிட்டார்" என்று புகார் கொடுத்தால், குறுக்கு விசாரணையில் எதிர்த் தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். கையால் அடித்ததைக் கட்டையால் அடித்ததாகக் கூட்டிச் சொன்னாலும் இதே கதிதான். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே வேண்டும்.

இரண்டு தரப்பும் புகார் கொடுத்தால் வழக்கும் எதிர் வழக்கும் உண்டாகும். இரண்டையும் ஒரே நீதிபதி, ஒன்றன் பின் ஒன்றாக விசாரித்துத் தீர்ப்புக் கூற வேண்டும் என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது. யார் முதலில் போலீஸ் நிலையத்துக்கு ஓடினார் என்பது முக்கியம் அல்ல. யார் முதலில் கை வைத்தார் என்பதுதான் முக்கியம்.

ராஜி ஆகலாமா? சாதாரணக் காயம் என்றால் அடிபட்டவர் விரும்பினால் ஆகலாம். கொடுங்காயம் என்றால் கோர்ட்டின் அனுமதி வேண்டும்.

ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில்?

தண்டனையோடு கணக்கு முடிவது இல்லை. அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கும்படி கிரிமினல் கோர்ட்டே உத்தரவிடலாம். சிவில் கோர்ட்டில் தனியாகவும் கேட்கலாம். முதலில் கிடைத்த பணத்தை சிவில் கோர்ட்டு கணக்கில் எடுத்துக் கொள்ளும்.

பெண்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் மனுப் போடலாம். வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாததால் வந்த வருமான இழப்பு, பொருள்களை உடைத்ததால் அல்லது தூக்கிச் சென்றதால் வந்த நஷ்டம் ஆகியவற்றைக் கேட்கலாம். மன வேதனைக்கும் நஷ்டஈடு உண்டு. வன்முறை நடந்த பிறகு விவாகரத்து ஆகிவிட்டது என்று சொல்லிப் பொறுப்பில் இருந்து தப்ப முடியாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

தாலி கட்டாமல் கணவன்-மனைவி போல வாழ்ந்த பெண்ணுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் ஊரறிய, நீண்ட காலம், திருமணத்துக்குத் தகுதி உள்ள இருவராக வாழ்ந்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் இருந்து போன ஒரு வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த விதி இது.

அடிதடி இல்லாமல் சாமான் வாங்க...

பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகையும், சீராகக் கொடுத்த பொருள்களும் அவருக்கே சொந்தம். கணவர் வீட்டில் வைத்திருந்தாலும் அது அவர்களுக்குச் சொந்தம் ஆகிவிடாது. திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடி வழக்குப் போடலாம் என்று 1985-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 2024-ல் கேரளப் பெண் ஒருவரின் நகைகளுக்கு ஈடாக 25 லட்சம் ரூபாய் தரும்படி கணவருக்கு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுப் போட்டால், சீர்ப் பொருள்களைத் திருப்பித் தரும்படி மாஜிஸ்திரேட்டு உத்தரவு போட முடியும். போலீஸ் பாதுகாப்போடு போய் எடுத்து வரவும் உத்தரவு கேட்கலாம்.

கணவருக்கும் வழி இருக்கிறது. கல்யாணத்தின்போது இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பிரித்துத் தரும்படி விவாகரத்து வழக்கிலேயே கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 27-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. சென்னையில் குடும்பநல கோர்ட்டு ஐகோர்ட்டு வளாகத்தில் உள்ளது. தான் மட்டும் காசு போட்டு வாங்கிய பிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கும் குடும்பநல கோர்ட்டில் வழக்குப் போடலாம். அப்போதுதான் அந்த பில்லுக்கு மதிப்பு!

இருவரும் பேசித் தீர்ப்பது என்றால், சாமான் பட்டியலை இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எடுக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே குறிக்க வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவான பெரியவர் ஒருவர் கூட இருப்பது நல்லது. ஆள் பலத்தோடு போகக்கூடாது.

பேச்சு முற்றினால் சாமானை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து விடுங்கள். 100 அல்லது 112-க்கு போன் செய்யுங்கள். பெண்கள் 181-க்கும் பேசலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. ஏழை ஆண்களுக்கும் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.